எலும்புக்குப் பதினைந்து வயது

முத்துப்பேச்சிக்கு வயது முப்பத்து மூன்று. அவளுடைய எலும்புகளுக்கு வயது பதினைந்து.

திரையில் அப்படித்தான் பளிச்சென்று எழுதியிருந்தது. கீழே சிவப்பில் இன்னொரு வரி: ஆடத் தகுதியில்லை.

"மெஷின்ல ஏதோ கோளாறு சார். இன்னொரு தடவை எடுங்க."

"மூணு தடவை எடுத்தாச்சும்மா. வலது கை, இடது கை, திரும்ப வலது கை. எக்ஸ்ரே பொய் சொல்லாது." தொழில்நுட்ப அதிகாரி ஞானதிரவியம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தென்மண்டல மகளிர் கபடிப் போட்டியில் அவர் வைத்ததுதான் சட்டம். அறுபதைத் தாண்டியவர். சட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. பேன்ட் மட்டும் கணுக்காலுக்கு மேலே ஏறி, வெள்ளத்தில் நடக்கக் கிளம்பியவர் மாதிரி காட்டியது. "மத்த ரெண்டு பிள்ளைகளுக்கும் இதே மெஷின்தான். ஒருத்திக்கு இருபத்து மூணு, இன்னொருத்திக்கு இருபத்தாறு. பச்சை விழுந்துது, போயிட்டாங்க."

மணி இரண்டே கால். தூத்துக்குடி உள்ளரங்கத்தில் இறுதி ஆட்டம் ஐந்து மணிக்கு. கீழே இப்போதே ஒத்திகைக்கு மேளம் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இறுதி ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு அணியிலும் மூன்று பேரைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். மணிக்கட்டை எக்ஸ்ரே பிடிப்பார்கள். பதினெட்டு நிரம்பாத எலும்பு பெரியவர்கள் ஆட்டத்தின் பிடியைத் தாங்காது, முறிந்துவிடும் என்று வந்த சோதனை. பத்தே நொடியில் கணினி வயதைச் சொல்லிவிடும்.

பயிற்சியாளர் கொம்பையா மாஸ்டர் பொறுக்க முடியாமல் முன்னே வந்தார். "ஏன் சார், இவளப் பாத்தா பதினஞ்சு வயசு மாதிரியா இருக்கு? தலையில நாலு நரை கெடக்கு!"

"தலையைப் பாத்து வயசு போட எனக்கு அதிகாரம் இல்ல அண்ணாச்சி."

"ஆதார் இருக்கு, பத்தாம் கிளாஸ் சர்ட்டிபிகேட் இருக்கு..."

ஞானதிரவியம் கொஞ்சம் சிரித்தார். "இந்தம்மாவோட பேப்பரா? 2027-ல பதினாறு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளுக்கு ஒரு போட்டி நடந்துதே, ஞாபகம் இருக்கா? பதினேழு வயசுப் பிள்ளைக்குப் பதினஞ்சுன்னு பேப்பர் ஜோடிச்சுக் கூட்டிட்டு வந்தது யாரு அண்ணாச்சி?"

கொம்பையா மாஸ்டர் தரையைப் பார்த்தார்.

அந்தக் காலத்தில் எல்லா மாஸ்டர்களும் செய்ததுதான். நல்ல ஆட்டக்காரி கிடைத்தால் இரண்டு வயதைக் கழற்றிவிட்டு இன்னும் இரண்டு வருஷம் சின்னவர்கள் ஆட்டத்தில் ஓட்டுவார்கள். பேச்சி மாட்டிக்கொண்டாள். இதே மணிக்கட்டுதான் காட்டிக்கொடுத்தது. இரண்டு வருஷத் தடை. அதோடு ஒரு புது விதியும் வந்தது: ஒருமுறை பொய்ப் பேப்பர் காட்டியவருக்கு அதற்குப் பிறகு எந்தப் பேப்பரும் செல்லாது, எலும்பு சொல்வதே கடைசி. ஆட்டக்காரிகள் அதற்கு 'பேச்சி ரூல்' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு இவள் பொய் சொன்னாள், எலும்பு உண்மை சொன்னது. இன்றைக்கு இவள் உண்மை சொல்கிறாள். எலும்புக்கு என்ன வந்தது?

"ரெண்டாவது தடவை மாட்டினா என்னன்னு தெரியும்ல? ஆயுளுக்கும் தடை. டீமோட அரையிறுதி ஜெயிப்பும் ரத்து. ஒட்டன்சத்திரம் டீம் ஆடாமலே கோப்பையை எடுத்துட்டுப் போயிரும்." அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மூணரைக்கு நான் ரிப்போர்ட் அனுப்பணும். அதுக்குள்ள ஏதாவது கொண்டாங்க. பேப்பர் மட்டும் வேண்டாம்."

எழுந்தவர் யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டே வெளியே போனார். கீழ்த்தளத்துக்கு இறங்கும் இருபத்து நான்கு படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கியவர், கண் மூடித் திறப்பதற்குள் மறைந்துவிட்டார்.

"ஏட்டி பேச்சி," மாஸ்டரின் குரல் உடைந்திருந்தது. "நான் அன்னைக்குச் செஞ்ச வேலை..."

"அழுதா மூணரை ஆயிரும் மாஸ்டர். டாக்டரைக் கூப்பிடுங்க!"

பதினாலு மாதத்துக்கு முன் பேச்சியால் கழிவறையில் குந்தி உட்கார முடியாது. இடது முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்து, எலும்பும் எலும்பும் உரசும் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும். எட்டு வருஷம் அப்படி. பிறகுதான் டாக்டர் சஃபியாவின் பரிசோதனைச் சிகிச்சை. நான்கு ஊசிகள். ஆறு மாதத்தில் ஓடினாள். பத்து மாதத்தில் அணியில் இருந்தாள். இன்றைக்கு இறுதி ஆட்டம். டாக்டர் தன்னுடைய வெற்றியை நேரில் பார்க்க டெல்லியிலிருந்து இரண்டு விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்து அரங்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

தாழ்வாரத்தில் செல்போனில் எக்ஸ்ரேயைப் பெரிதாக்கிப் பார்த்த டாக்டர் சஃபியா, கிட்டத்தட்டக் கத்தினார்.

"யா அல்லாஹ்! பேச்சி, இது என்னன்னு தெரியுதா உனக்கு?"

"என் சோத்துல மண்ணுன்னு தெரியுது."

"வளர்ச்சிக் கோடு! இதோ பார், எலும்பு நுனியில கறுப்பா ஒரு கீத்து. சின்னப் பிள்ளைங்களுக்கு அந்த இடத்துலதான் எலும்பு நீளும். வளர்ந்து முடிஞ்சதும் மூடிடும். மூடினா மூடினதுதான், உலகத்துல யாருக்கும் திரும்பத் திறந்தது கிடையாது. உனக்குத் திறந்திருக்கு!"

"நீங்க ஊசி போட்டது முட்டியில. இது கையில்லா?"

"அதான் ஆச்சரியம்! உன் இடுப்பெலும்புக்குள்ள இருந்து ஸ்டெம் செல் எடுத்தோம், ஞாபகமிருக்கா? எதுவா வேணும்னாலும் மாறக்கூடிய செல். அதுங்களுக்கு வயசை மறக்க வச்சு, பிறந்த குழந்தை செல் மாதிரி ஆக்கி, முட்டிக்குள்ள விட்டோம். கொத்தனாரைக் கூப்பிட்டு ஒரு சுவரைச் சரிபண்ணச் சொல்ற மாதிரி. வேலை முடிஞ்சா அவங்க கிளம்பியிருக்கணும்." டாக்டரின் விரல் திரையில் அப்படியே நின்றது. "கிளம்பல. அடுத்த சுவருக்குப் போயிருக்காங்க. அதுக்கடுத்த சுவருக்கும். பேச்சி... உன் பேன்ட் எதுவும் குட்டையாச்சா?"

பக்கத்தில் மிளகாய்ப்பொடி தூவிய கொய்யாவைக் கடித்துக்கொண்டிருந்த தர்ஷினி களுக்கென்று சிரித்தாள். பேச்சியின் மகள். "எம்மா டிராக் பேன்ட் எல்லாம் முழங்காலுக்கு வந்துட்டு டாக்டர். உப்புத்தண்ணில சுருங்கிட்டுன்னு ரெண்டு மாசமா சோப்பை ஏசுதா."

டாக்டரின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது. பேச்சி அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. மணி இரண்டு ஐம்பது.

"இதையே எழுதிக் கொடுங்க டாக்டர்!"

"பேப்பர் வேண்டாம்னு சொல்லிட்டாரே," என்றார் கொம்பையா மாஸ்டர். "உனக்கு எந்தப் பேப்பரும் செல்லாதுட்டி. ரூல் அது."

"எம்மா பேப்பர்தான செல்லாது?" தர்ஷினி கொய்யாவை விழுங்கிவிட்டுக் கேட்டாள். "என் பேப்பர் செல்லும்லா?"

மூன்று பெரியவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் கவர்மென்ட் ஆஸ்பத்திரில பிறந்தேன். என் சர்ட்டிபிகேட்டுல அம்மா பேரு முத்துப்பேச்சின்னு இருக்கு, கைரேகையோட. நான் ஒரு பொய்யும் சொன்னதில்ல. போன வாரம் கணக்குப் பரீட்சையத் தவிர."

"பிறகு?"

"பிறகென்ன, நானும் போய் அந்த மெஷின்ல கையை வைக்கேன்!"

பேச்சி மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

மூன்று பத்துக்கு ஞானதிரவியத்தின் திரையில் இரண்டு மணிக்கட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. முத்துப்பேச்சி, பதினைந்து. தர்ஷினி, பதின்மூன்று.

"உங்க மெஷின் பொய் சொல்லாதுன்னீங்க," என்றார் கொம்பையா மாஸ்டர். எட்டு ஊருக்குக் கேட்கும் குரல் அவருக்குத் திரும்பியிருந்தது. "அப்போ இவ ரெண்டு வயசுல பிள்ளை பெத்தாளா? தொட்டில்ல கெடந்துக்கிட்டே தாலாட்டுனாளா?"

ஞானதிரவியம் தர்ஷினியின் பிறப்புச் சான்றிதழைத் திரையில் திறந்தார். தாயின் கைரேகை இருந்தது. பேச்சியின் பெருவிரலை வாங்கி, ரேகை பார்க்கும் கண்ணாடியில் வைத்தார். பொருந்தியது. தாயையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். அதே மூக்கு, அதே முறைப்பு.

நிறைய நேரம் யோசித்தார். பிறகு விசைப்பலகையில் ஏதோ தட்டினார்.

பச்சை.

மாஸ்டர் போட்ட கூச்சலில் கீழே மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். பேச்சி மகளைத் தூக்கிச் சுற்றினாள். எட்டு வருஷம்! இந்தப் பிள்ளை அம்மா நொண்டுவதைத்தான் பார்த்திருக்கிறது. இறுதி ஆட்டத்தில் அம்மா கபடி பாடிப் போவதைப் பார்க்கப் போகிறது.

உடை மாற்றும் அறை வாசலில் டாக்டர் சஃபியா நின்றிருந்தார்.

"பேச்சி, நீ இன்னைக்கு ஆடக் கூடாது."

"என்னது?"

"பச்சை விழுந்தாலும் எக்ஸ்ரே பொய் சொல்லல. எலும்பைப் பொறுத்த வரைக்கும் நீ பதினஞ்சு வயசுப் பிள்ளைதான். அந்தக் கோடு இருக்கே, அது தையல் மாதிரி. எலும்பு முழுசுலயும் அந்த இடம்தான் மென்மை. சின்னப் பிள்ளைக்கு உடம்பும் சின்னதா இருக்கும், தாங்கும். உன் சதை முப்பத்து மூணு வயசு. அறுபத்தெட்டு கிலோ. நாலு பேர் உன் கணுக்காலைப் பிடிச்சு இழுத்தா தையல் விட்டுடும். அப்புறம் என்னாலயே ஒட்டவைக்க முடியாது."

"இத்தனை நாள் ஆடினேனே?"

"இத்தனை நாள் உனக்கு அதிர்ஷ்டம். கோட்டை மூடுறதுக்கு மருந்து இருக்கு. மூணு மாசம் ஆகும். முட்டி மறுபடி தேஞ்சாலும் தேயலாம், தேயாமலும் இருக்கலாம்." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "சுளுக்குன்னு சொல்லிட்டு உக்காந்துடு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

பேச்சி பெஞ்சில் உட்கார்ந்தாள். கால் பெருவிரல் தானாகத் தரையைக் கீறிக்கொண்டிருந்தது, களத்தில் கோட்டைத் தேடுகிற மாதிரி. ஒரு ஆட்டம். நாற்பதே நிமிஷம். இத்தனை நாள் தாங்கியது இன்னும் நாற்பது நிமிஷம் தாங்காதா?

"என்ன மாதிரி எத்தனை பேருக்குப் போட்டீங்க டாக்டர்?"

டாக்டர் செல்போன் திரையை அணைத்தார்.

"நாலு ஊர்லயும் சேத்து இருநூத்துப் பன்னெண்டு."

"அவங்களுக்கு இந்தக் கோடு திறந்திருக்குமா?"

"தெரியாது. முட்டியை மட்டும்தான் படம் எடுத்தோம். கையைப் பாக்கணும்னு யாருக்கும் தோணல."

"அவங்கள்லாம் இப்போ என்ன செய்துகிட்டு இருப்பாங்க?"

டாக்டர் சஃபியா சுவரில் சாய்ந்தார். "கோவில்பட்டியில ஒரு லோடுமேன் இருக்கார். முட்டி சரியானதும் நூறு கிலோ மூட்டையைத் தூக்கிட்டு நடந்து வீடியோ அனுப்பினார். அதை நாலு மேடையில போட்டுக் காட்டினேன். எல்லாரும் கை தட்டினாங்க."

"அப்போ உடனே சொல்லணும்லா?"

"அடுத்த வாரம் அரசாங்க அனுமதிக் கூட்டம் பேச்சி! வெளியே உக்காந்திருக்கறவங்க அந்தக் கமிட்டிக்காரங்க. அனுமதி கிடைச்சா மாவட்டத்துக்கு மாவட்டம் இந்த ஊசி போகும். லட்சம் பேர் படுக்கையை விட்டு எழுந்திருப்பாங்க. இன்னைக்கு வாயைத் திறந்தா பத்து வருஷ உழைப்பு அப்படியே நின்னுடும். ரெண்டே ரெண்டு வாரம் கொடு. ஒவ்வொருத்தரா, வேற காரணம் சொல்லிக் கூப்பிட்டு..."

"ரெண்டு வாரத்துல அவர் எத்தனை மூட்டை தூக்குவாரு டாக்டர்?"

உள்ளே பெண்கள் ஜெர்சியை மாட்டிக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி கேலி செய்யும் சத்தம் கேட்டது. யாரோ, "பேச்சியக்காவுக்கு இனி பஸ்ல அரை டிக்கெட்டுட்டீ!" என்றாள். ஒரே சிரிப்பு.

பேச்சியும் சிரித்தாள். கண் ஏன் எரிந்தது என்று தெரியவில்லை. எழுந்தாள்.

"சுளுக்குன்னு சொல்ல மாட்டேன். ஒரு பொய் சொன்னேன், பதினாறு வருஷமா என் பேரைச் சொல்லி ரூல் ஓடுது. நீங்க என் முட்டியக் கொடுத்தீங்க, நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா இது வேற."

இருபத்து நான்கு படிகளையும் ஒவ்வொன்றாக ஏறினாள். முதல் தடவையாகக் காலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நினைத்து நினைத்து ஏறினாள்.

விலகல் படிவத்தில் 'காரணம்' என்ற கட்டம் ஒரு விரல் அகலம்தான். பேச்சி அதில் தொடங்கி, பின்பக்கம் முழுக்க எழுதினாள். டாக்டர் சொன்ன கொத்தனாரையும் சுவரையும்கூட எழுதினாள்.

ஞானதிரவியம் வாசித்தார். பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

"ஊசி போட்டு எத்தனை மாசம்?"

"பதினாலு சார்."

"எந்த ஆஸ்பத்திரி?"

சொன்னாள்.

"ஓ," என்றார். பேனாவின் மூடியைப் போட்டார், எடுத்தார், போட்டார். "வலி எதுவும் இருந்துதாம்மா? இந்தக் கோடு திறக்கும்போது?"

"ஒண்ணும் இல்ல சார். நல்லா இருந்துது. இளவட்டம் மாதிரி இருந்துது."

அவர் தலையை ஆட்டினார். "உங்க டீம் ஆடலாம். நீங்க கீழ போங்க. ஆட்டம் முடிஞ்சதும் வந்து ஒரு கையெழுத்துப் போடணும்."

ஐந்து மணிக்கு அரங்கம் கொதித்தது.

பேச்சி இல்லாத அணியை ஒட்டன்சத்திரம் முதல் பாதியில் பிழிந்து எடுத்தது. பதினொன்றுக்குப் பத்தொன்பது. இடைவேளையில் மாஸ்டர் பேசவில்லை. பேச்சிதான் பேசினாள். யாருடைய பிடி எந்தத் தோளில் தொடங்குகிறது, எந்த மூலைக்காரிக்கு மூச்சு வாங்குகிறது என்று பெஞ்சில் உட்கார்ந்தபடியே எல்லாம் பார்த்து வைத்திருந்தாள். வெளியில் இருந்து பார்த்தால் களம் இவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பது அவளுக்கே புதுசு.

இரண்டாம் பாதியில் புள்ளிகள் ஊர்ந்து ஏறின. இருபது, இருபத்து நாலு, இருபத்தெட்டு. கடைசி நிமிஷத்தில் இருபத்தொன்பதுக்கு இருபத்தொன்பது. கடைசி ரைடு இவர்களுடையது. பாடிப் போக வேண்டியவள் செல்வராணி, பத்தொன்பது வயது, நடுக்கோட்டில் நின்று பேச்சியைத் திரும்பிப் பார்த்தாள்.

பேச்சி தன் இடது முழங்காலைத் தட்டிக் காட்டினாள்.

செல்வராணிக்குப் புரிந்துவிட்டது. கபடி கபடி என்று கோட்டைத் தாண்டியவள் நாலாவது அடியில் நொண்டினாள். முட்டி தேயத் தொடங்கிய காலத்தில் பேச்சி வேறு வழியில்லாமல் ஆடி, இவளுக்கும் சொல்லிக்கொடுத்த ஆட்டம் அது. நொண்டியைப் பார்த்தால் எந்தப் பிடிகாரிக்கும் கை நமநமக்கும். வலது மூலைக்காரி ஒரு அடி முன்னால் வந்தாள். ஒரே ஒரு அடி. நொண்டிய கால் மின்னல் மாதிரி நீண்டு அவள் பாதத்தைத் தொட்டது. ஐந்து பேர் மேலே விழுந்தார்கள். அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை ஊர்ந்து வந்து நடுக்கோட்டில் அறைந்தது.

கூரை பறந்துவிடும் போல் இருந்தது. தர்ஷினி பெஞ்சின் மேல் ஏறிக் குதித்தாள். "எம்மா! அது ஓன் நொண்டி! ஓன் நொண்டி!" கொம்பையா மாஸ்டர் எதிரணிக் கோச்சையே கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

பேச்சி அந்தக் குவியலைத்தான் பார்த்தாள். ஐந்து பேர். ஒரு கணுக்கால். அவளுடைய கை தன் கணுக்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

கூட்டத்தின் ஓரத்தில் டாக்டர் சஃபியா தனியாக நின்றார். டெல்லி விருந்தாளிகளின் நாற்காலிகள் காலியாக இருந்தன. செல்போனை உயர்த்திக் காட்டினார்.

"அனுப்பிட்டேன் பேச்சி. இருநூத்துப் பதினொரு பேருக்கும். வெயிட் தூக்காதீங்க, ஓடாதீங்க, மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்துட்டு உடனே வாங்கன்னு."

அவர் அழுதிருந்தார் என்பது தெரிந்தது. பேச்சி அவர் கையை இறுகப் பிடித்தாள். பிறகு கையெழுத்து ஞாபகம் வந்தது.

மேலே அதிகாரி அறைக் கதவு சாத்தியிருந்தது. ஆட்டம் முழுக்க ஞானதிரவியத்தின் நாற்காலி காலியாகவே இருந்தது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தட்டினாள். பதில் இல்லை. தள்ளித் திறந்தாள்.

அவர் எக்ஸ்ரே மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். இஸ்திரிச் சட்டையின் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, வலது மணிக்கட்டைக் கண்ணாடிமேல் வைத்திருந்தார். எடுக்க மறந்துவிட்டவர் போல. பக்கத்தில் செல்போனில் டாக்டரின் செய்தி ஒளிர்ந்துகொண்டிருந்தது.

திரையில் சிவப்பு. பதினாறு.

"ஜூன் வந்தா எனக்கு அறுபத்து மூணும்மா," என்றார் திரும்பாமல். "மதுரையில போட்டேன். ரெண்டு முட்டியிலயும். போன பொங்கலுக்குத் தச்ச பேன்ட்டு இது. தையக்காரனை என்ன ஏச்சு ஏசினேன்."

படிவத்தை எடுத்து நீட்டினார். பேச்சி அதில் கையெழுத்துப் போட்டாள். அவர் மெதுவாக எழுந்து விளக்கை அணைத்தார்.

மத்தியானம் இரண்டிரண்டாகத் தாவி இறங்கிய படிகளின் உச்சியில் வந்து நின்றார். கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்தார். ஒரு காலைத் தூக்கினார். வைக்காமல் நின்றார்.

பேச்சி கையை நீட்டினாள்.

"பைய வாங்க சார். நானும் பையத்தான் இறங்கணும்."

கீழே மேளம் பிளந்துகொண்டிருந்தது. அவர்கள் ஒரு படி இறங்கினார்கள். இன்னும் இருபத்து மூன்று இருந்தன.